இராவணேசன் ஏறிய மேடைகள்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையிலே, குருக்கள்மடத்தை அடுத்துக் கல்முனை வீதியின் இருமருங்கும் அமைந்துள்ள செட்டிபாளையமும் அதன் அயலூர்களும், வாவிக்கு மேற்கே வயல்கள் பரந்து கிடக்கும் படுவான்கரையும், நாடகக் கலையைத் தம் ஆண்டு வாழ்வின் ஓர் அங்கமாகவே பேணி வந்த பிரதேசமாகும். மாரியில் விதைத்த பெரும்போக வேளாண்மையை வெட்டிச் சூடடித்து, நெல் வீடு வந்து சேர்ந்த பிறகு, வைகாசியிலே கண்ணகை அம்மனுக்குச் சடங்கு தொடங்கிக் குளிர்த்தி பாடும் நாள் நெருங்கும் வரையில் உழவனுக்குக் கிடைக்கும் ஓய்வுக் காலத்திலே, நிலவு எறிக்கும் வெளிகளில் மத்தளத்தின் ஓசை எழுந்தால், அண்ணாவியார் கூத்துப் பழக்கத் தொடங்கிவிட்டார் என்பதை ஊர் முழுதும் அறிந்துகொள்ளும். இத்தகைய நிலத்திலே பிறந்து, பல்கலைக்கழக மேடையொன்றிலே மறுபிறப்பு எடுத்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப உருமாறி வந்த ஓர் ஆட்ட நாடகத்தின் மேடை வரலாற்றையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அந்நாடகத்தின் பெயர் இராவணேசன்.

அதன் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு, அது புறப்பட்டு வந்த வட்டக்களரியை முதலில் அறிதல் வேண்டும். மண்ணை வட்டமாகக் குவித்து உயர்த்தி, சுற்றிலும் கம்புகள் நட்டு, மேலே வெள்ளை கட்டி அமைக்கும் அக்களரிக்கு முன்புறம் என்றும் பின்புறம் என்றும் பேதம் கிடையாது. நான்கு திசையிலும் பாய் விரித்து அமர்ந்திருக்கும் சனங்களின் மத்தியிலே ஆட்டக்காரர் சுற்றிச் சுற்றி ஆடுவர். களரியின் நடுவிலே மத்தளத்தோடு அண்ணாவியாரும், சல்லரி போடுபவரும், பிற்பாட்டுக்காரரும், கொப்பி பார்த்து அடியெடுத்துக் கொடுப்பவரும் நிற்பர். ஒரு காலத்தில் தீப்பந்தத்தின் வெளிச்சத்திலும், பின்னர் பெற்றோமாக்ஸ் விளக்கின் வெளிச்சத்திலும் நிகழ்ந்த அவ்வாட்டம், முன்னிரவிலே கட்டியகாரன் வரவோடு தொடங்கினால், கிழக்கு வெளுத்து மங்களம் பாடும் வரை நீளும். அரசன் வருவானாயின் அவன் களரிக்குள் வந்து நிற்பதற்கே அரை மணி நேரம் செல்லும். ஏனெனில் அவனுடைய வரவுத் தருவைப் பாடி, அதற்குரிய தாளக்கட்டை அண்ணாவியார் சொல்ல, வீசாணம், எட்டு, பொடியடி, நாலடி, குத்துமிதி என்று ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஆடித் தீர்த்த பின்னரே அவன் தன் பெயரைச் சபைக்கு உரைப்பான்.

இக்கூத்துகள் வடமோடி என்றும் தென்மோடி என்றும் இருவகைப்படும். பாரத இராமாயணக் கதைகளையும் போரையும் வீரத்தையும் வடமோடி பெரிதும் கையாளும். காதலும் மணமுமாக முடியும் கதைகள் தென்மோடிக்கு உரியவை. வடமோடி அரசர் அணியும் கரப்புடுப்பு, வாவியிலே மீன் பிடிக்கும் கரப்பைப் போல் இடையிலிருந்து விரிந்து நிற்கும். கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும், மார்புப் பதக்கமும், புயங்களில் ஏற்றிய அணிகளும் சேர்ந்த அப்பாரத்தைத் தாங்கிக்கொண்டு துள்ளி ஆடுவதற்குப் பகலெல்லாம் வயலிலே உழைத்து உரமேறிய கால்கள் வேண்டும். தென்மோடியின் உடுப்பு இதனினும் இலேசானது. ஆட்டமும் நுணுக்கம் மிகுந்தது. பாட்டை இழுத்து இசைக்கும் முறையும் வேறானது.

ஒரு கூத்து அரங்கேறுமுன் நிகழும் சடங்குகளைப் பற்றிக் கூறாமல் விடுவதற்கு மனம் ஒப்பவில்லை. ஊர்ப் பெரியோரும் நிலவுடைமையாளரான போடிமாரும் கூடி, எந்தக் கதை என்று முடிவு செய்து, அண்ணாவியாரை வெற்றிலை வட்டாவோடு சென்று அழைப்பர். அவர் வந்து, ஒவ்வொருவருடைய குரலையும் உடற்கட்டையும் குடும்பத்தையும் நோக்கி, இன்னாருக்கு இன்ன வேடம் என்று தெய்வ சந்நிதியிலே பகிர்ந்தளிப்பதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். அதன் பிறகு மாதக்கணக்காக இரவிரவாகக் கூத்துப் பழகுவர். கிழமைக்கு ஒருநாள் ஊரார் வந்து பார்ப்பதற்கென்று கிழமைக் கூத்து நடைபெறும். கால்கள் தாளத்துக்குப் பழகிய பின்னர் சதங்கை அணியும் வைபவமும், இறுதியாக முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிச் சரிபார்க்கும் அடுக்குப் பார்த்தலும் நிகழும். அரங்கேற்றம் முடிந்தாலும் காரியம் முடிந்துவிடாது. ஆட்டக்காரர் வீட்டுக்கு வீடு சென்று ஆடி, அங்கே கிடைக்கும் பணத்தையும் நெல்லையும் அண்ணாவியாருக்குச் சன்மானமாகச் சேர்ப்பர். அரங்கேற்ற இரவிலே, மகன் வேடங்கட்டிக் களரிக்குள் வரும்போது தாயும் தமக்கையும் குரவை இடுவதும், மாமன்மார் அவனுக்குப் பரிசு கொண்டு வந்து கொடுப்பதும் வழக்கம். அவ்வாறு பார்க்குங்கால் இது சில கலைஞர் ஆடப் பலர் இருந்து பார்க்கும் நிகழ்ச்சியினும் மேலானது. ஓர் ஊர் தன்னைத் தானே ஒன்றுகூட்டிக்கொள்ளும் உற்சவம் என்றே கொள்ளத் தக்கது.

இவ்வளவு செழுமை வாய்ந்த கலையை, ஆங்கிலக் கல்வி பெற்ற தமிழ்ப் பிரபுக்கள் நீண்டகாலம் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியே வைத்திருந்தனர். காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் 1926ஆம் ஆண்டிலேயே மதங்க சூளாமணி என்னும் நூலை வெளியிட்டு, செகசிற்பியாரின் (ஷேக்ஸ்பியரின்) நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழருக்கு அறிமுகப்படுத்தினாரெனினும், அடிகள் பிறந்த மண்ணின் கூத்தைப் பல்கலைக்கழக மட்டத்துக்கு உயர்த்தும் பணிக்கு மேலும் ஒரு தலைமுறை கழிய வேண்டியிருந்தது. அப்பணிக்குத் தூண்டுகோலாக அமைந்தது, வியக்கத்தக்க விதமாக, ஒரு சிங்கள நாடகம்.

பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, சிங்களக் கிராமங்களிலே அருகிக்கொண்டிருந்த நாடகம என்னும் இசைக்கூத்தை ஆராய்ந்து, அதன் இசையையும் ஆட்டத்தையும் ஆதாரமாகக் கொண்டு மனமே என்னும் நாடகத்தை ஆக்கி, 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி கொழும்பு லயனல் வென்ற் அரங்கிலே மேடையேற்றினார். சிங்கள நாடக உலகத்தின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சி அது. அந்த நாடகமவோ, தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்து மரபிலிருந்து சிங்களக் கரையோரத்துக்குச் சென்று வேரூன்றிய கலை என்பது ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொண்ட செய்தி. தமிழரிடமிருந்து சென்ற வித்து சிங்களத்திலே பூத்துக் குலுங்குவதைக் கண்ட தமிழ்ப் பேராசிரியர் ஒருவருடைய உள்ளத்திலே, அதன் தாய்மரம் நம்மிடத்தில் இன்னும் உயிரோடு நிற்கின்றதே என்னும் எண்ணம் எழுந்தது இயல்பே. அவர் தான் சுப்பிரமணியம் வித்தியானந்தன்.

1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே பிறந்து, இலண்டனில் பத்துப்பாட்டை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் விளங்கிய வித்தியானந்தன், இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்திலே மட்டக்களப்பு, மன்னார் முதலிய இடங்களின் கிராமங்கள் தோறும் சென்றார். அண்ணாவிமார் மாநாடுகளைக் கூட்டி, அதுவரை ஊருக்குள்ளே மட்டும் மதிப்புப் பெற்றிருந்தவர்களைச் சபையில் வைத்துக் கௌரவித்தார். அலங்கார ரூபன் முதலிய கூத்துகளை அச்சேற்றினார். இவற்றுக்கெல்லாம் மேலாக, பேராதனை மாணவரையே கூத்தாட வைத்தார். 1962ஆம் ஆண்டிலே கர்ணன் போர், 1963ஆம் ஆண்டிலே நொண்டி நாடகம் என்று தொடர்ந்த அம்முயற்சியிலே, அறுபதுகளின் நடுப்பகுதியில் உருவாகியதே இராவணேசன். வாலிவதை அதற்குப் பின்னர் வந்தது.

இராவணேசனின் பனுவலை யாத்தவர், மட்டக்களப்பு நகரையடுத்த அமிர்தகழியிலே 1943ஆம் ஆண்டில் பிறந்து, அப்போது பேராதனையில் மாணவராயிருந்த சின்னையா மௌனகுரு. இராவணனாக ஆடியவரும் அவரே. கூத்தை ஊரிலே கற்று, இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்ற ஒருவருடைய கையிலே அப்பொறுப்பு வந்து சேர்ந்தது நற்பேறு என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் ஆட்டத்தை அறியாத புலவன் எழுதியிருந்தால் பாட்டுக் கனத்திருக்கும். ஏட்டை அறியாத ஆட்டக்காரன் செய்திருந்தால் பாத்திரம் மெலிந்திருக்கும்.

இரவு முழுவதும் நிகழ்ந்த ஒன்றை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்குவது எவ்வாறு என்பதே அவர்கள் முன் நின்ற முதற் பிரச்சினை. பாத்திரம் ஒரு வரியைப் பாடியவுடன் பிற்பாட்டுக்காரர் அதனையே மீண்டும் பாடும் வழக்கைக் குறைத்தனர். வரவு ஆட்டங்களைச் சுருக்கினர். கதைப் போக்குக்கு நேரே துணை செய்யாத பகுதிகளை விலக்கினர். வட்டக்களரியின் நடுவே நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் படச்சட்ட மேடையின் ஒரு பக்கத்துக்கு மாறினர். நான்கு திசையிலிருந்த பார்வையாளர் இப்போது ஒரு திசையில் வரிசையாக அமர்ந்ததனால், சுற்றியாடிய ஆட்டங்கள் முன்னோக்கி ஆடுவதற்கேற்ப மாற்றி அமைக்கப்பட்டன. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்திலே தூரத்தில் இருப்பவனுக்கு முகபாவம் தெரியாதாகையால், கிராமத்து ஆட்டக்காரன் தன் உணர்ச்சியெல்லாவற்றையும் குரலிலும் காலிலுமே வெளியிட்டான். மின்னொளி வந்த மேடையிலோ முகமும் கண்ணும் பேசத் தொடங்கின. ஆயினும் மத்தளத்தின் சொற்கட்டையும், தருக்களின் மெட்டையும், வடமோடியின் மிடுக்கையும் அவர்கள் கைவிடவில்லை. மரபின் எலும்பை வைத்துக்கொண்டு சதையை மட்டும் குறைத்தார்கள் என்று சொன்னால் அது தவறாகாது.

இவற்றினும் ஆழமான மாற்றம் கதாநாயகனிடத்திலே நிகழ்ந்தது. மரபுக் கூத்திலே இராவணன் ஆரவாரமாக வந்து, ஆணவத்தோடு பேசி, இராமபாணத்தால் மாண்டு போகும் ஒரு பாத்திரம். அவனுடைய நெஞ்சினுள்ளே என்ன நிகழ்ந்தது என்பதைக் களரி விசாரித்ததில்லை. இராவணேசனோ இலங்கைப் போரின் பிற்பகுதியை எடுத்துக்கொண்டு, தம்பியையும் மகனையும் பறிகொடுத்து, மனைவியின் சொல்லையும் கேளாது, தோல்வி உறுதி என்று உணர்ந்த பின்னரும் மானத்தை விடமாட்டாமல் களம் புகும் ஒரு பேரரசனுடைய அவலத்தைச் சித்திரித்தது. தன் குற்றமே தன்னை அழிப்பதை உணர்ந்தும் அதனின்று மீள மாட்டாதவனாக நிற்கும் அவ்விராவணன், கிரேக்கரின் சோக நாடக நாயகருக்கும் கம்பன் காட்டிய இலங்கை வேந்தனுக்கும் ஒருங்கே உறவினன். இராவணனை உயர்த்திப் பேசும் முயற்சிகள் தமிழகத்திலும் அக்காலத்திலே இல்லாமற் போகவில்லை. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இலேதான் தடை நீங்கப் பெற்றது. நடிகர் மனோகர் நடத்திய இலங்கேஸ்வரன் நாடகத்தின் காட்சி ஜாலங்களைக் கண்டு வியந்தோர் பலர். ஆனால் ஒன்று வாதத்தை முதன்மையாகக் கொண்டது, மற்றொன்று காட்சியை. இராவணேசன் மனத்தை முதன்மையாகக் கொண்டது. அதனாலேயே அது நிலைத்தது என்பது என் துணிபு.

எங்கள் கீழ்க்கரைக்கு இராவணன் அந்நியனல்லன் என்பதும் கருதத் தக்கது. திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தருகே செங்குத்தான பாறைப் பிளவுக்கு இராவணன் வெட்டு என்று பெயர் வழங்குகிறது. கன்னியா வெந்நீரூற்றுகள் அவன் தன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோற்றுவித்தவை என்பது ஐதிகம். இன்றும் தாய் தந்தையர்க்குக் கடன் கழிக்கக் கன்னியாவுக்குச் செல்லும் மக்கள், அவனை அரக்கனாக எண்ணுவதிலும் தாய்க்கு இரங்கிய மகனாகவே எண்ணுகின்றனர். மேடையிலே அவன் அழுதபோது சபையும் உடன் அழுததற்கு இந்த நெடுங்கால உறவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகங்கள் காலத்துக்குக் காலம் உருமாறுவது எங்கும் காணப்படும் இயல்பு. பாரிஸ் நகரிலே ஜாக் ஒஃபன்பாக் என்னும் இசையமைப்பாளர் 1855ஆம் ஆண்டிலே பூஃப் பரிசியன் என்னும் சிறிய அரங்கைத் திறந்தபோது, ஓரங்க நாடகங்களையே, அதுவும் மிகச் சில பாத்திரங்களோடு மட்டுமே நடத்தலாம் என்று அரசாங்கம் கட்டுப்பாடு விதித்திருந்தது. அக்கட்டுப்பாடு தளர்ந்தவுடன் அவர் 1858ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆந் திகதி மேடையேற்றிய பாதாளத்தில் ஒர்ஃபே என்னும் இன்னிசை நாடகம், இறந்த மனைவியைத் தேடிப் பாதாளம் சென்ற கிரேக்கப் பாணனின் சோகக் கதையை முற்றும் நகைச்சுவையாக்கித் தேவர்களையே கேலி செய்தது. முதலில் மந்தமாகவே ஓடிய அதனை, ஜூல் ஜானென் என்னும் விமர்சகர் பழமையை அவமதித்த நாடகம் என்று பத்திரிகையிலே கண்டித்து எழுதவே, அப்படி என்னதான் இருக்கிறது என்று பாரிஸ் மக்கள் திரண்டு சென்றனர். முதல் ஓட்டத்திலேயே 228 காட்சிகள் நடைபெற்றன. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1874இலே, கெயிற்றே என்னும் பெரிய அரங்குக்காக ஒஃபன்பாக் அதே நாடகத்தை இரண்டு அங்கத்திலிருந்து நான்கு அங்கமாக விரித்து, பெரும் நடனக் காட்சிகளையும் சேர்த்தார். அதன் இறுதியில் வரும் துரித நடன இசையைக் கேளாத நாடு உலகிலே இல்லை எனலாம்.

பிரெஞ்சு நாடகமும் எங்கள் நாடகமும் பழங்கதையொன்றைப் புதுக் கண்கொண்டு நோக்கியவையே. ஆனால் சென்ற வழிகள் நேர்மாறானவை. அங்கே சிறிய அரங்கிலே பிறந்தது பெரிய அரங்குக்காக நீண்டது. இங்கே இரவு முழுதும் விரிந்து கிடந்தது நகரத்து மேடைக்காகச் சுருங்கியது. அங்கே தெய்வங்கள் சிரிப்புக்கு உரியோராயினர்; இங்கே அரக்கன் இரக்கத்துக்கு உரியவனானான். பாரிஸ் நாடகத்துக்கு அதன் இசைப்பிரதி அச்சிலே நிலைபெற்றிருப்பதால், நூறாண்டு கழிந்தாலும் எந்த நாட்டவரும் எடுத்து நடத்தலாம். கூத்துக்கோ அண்ணாவியாரின் நினைவும் கைப்பட எழுதிய கொப்பியுமே பிரதி. அவர் மறைந்து, கொப்பியைக் கறையான் அரித்துவிட்டால், அந்தக் கூத்தும் அவரோடு போய்விடும். இந்த வேறுபாட்டை நாம் எவ்வளவு தீவிரமாகச் சிந்தித்தாலும் தகும்.

பேராதனையிலே பெற்ற வெற்றிக்குப் பின்னர் இராவணேசன் இலங்கையின் பல நகரங்களிலும் ஆடப்பட்டது. கூத்து என்றால் முகஞ் சுளித்த கற்றோர் கூட்டம் அரங்கத்தை நிறைத்தது. அதன் பயனாகப் பாடசாலைகளிலும் கூத்து புகுந்தது. வடமோடி ஆட்டத்தை ஆதாரமாக வைத்துச் சமகாலப் பிரச்சினைகளைப் பேசும் நாடகங்களும் எழுந்தன. மௌனகுரு அவர்களே சங்காரம் என்னும் நாடகத்திலே சாதி, வர்க்கம் ஆகிய கொடுமைகளை அசுரராக உருவகித்து, அவற்றை உழைக்கும் மக்கள் சங்கரிப்பதைக் கூத்து ஆட்டத்தின் மூலம் காட்டினார். அவர் பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து எழுதிய பெருநூல் 1998ஆம் ஆண்டிலே வெளிவந்தது. கூத்தைப் பற்றி எழுத முனையும் எவரும் அதனைப் படியாது ஓர் அடியும் வைக்க இயலாது.

அதன் பின் வந்த காலம் கொடியது. எண்பதுகளிலிருந்து கிழக்கைச் சூழ்ந்த யுத்தத்திலே, இரவிலே ஒன்றுகூடுவது என்பதே உயிராபத்தான காரியமாயிற்று. இரவை நம்பி வாழும் கலைக்கு இதனினும் பெரிய இடர் என்ன வேண்டும்? ஊரடங்குச் சட்டத்தின் கீழே மத்தளம் அடிக்க இயலாது. ஆடும் வயதுடைய வாலிபர் ஊரிலே தங்க இயலாது. படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையே தோணி ஏறிச் சென்று கூத்துப் பார்த்து வருவது கனவாய்ப் போயிற்று. சட்டம் கொடுத்தும் அரங்கேறாமல் நின்றுபோன கூத்துகளும், இடம்பெயர்வில் தொலைந்துபோன கொப்பிகளும் உடுப்புகளும் கணக்கில் அடங்கா. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையோ, எழுவான்கரை ஊர்கள் மீதே பாய்ந்து, எஞ்சியிருந்தவற்றிலும் பலவற்றைக் கொண்டு சென்றது.

இத்தகைய காலத்திலேதான் இராவணேசன் மீண்டும் மேடைக்கு வந்தது என்பது அதன் வரலாற்றிலே மிகவும் பொருள் பொதிந்த பகுதி. வந்தாறுமூலையிலே அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையைக் கட்டியெழுப்பிய மௌனகுரு, இளமையிலே தாம் ஆடிய நாடகத்தைத் தம் மாணவரைக் கொண்டு மறுபடியும் தயாரித்தார். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் மட்டக்களப்பிலே அரங்க ஆய்வுகூடம் என்னும் அமைப்பின் வாயிலாக அப்பணியைத் தொடர்ந்தார். ஒவ்வொரு தயாரிப்பிலும் நாடகம் மாறியது. மத்தளத்தோடு வேறு வாத்தியங்களும் சேர்ந்தன. கூட்டமாக ஆடும் ஆட்டங்கள் விரிந்தன. மாணவியரே மண்டோதரியாக வந்து ஆடினர். ஊர்க் களரியிலே ஆண்களே சேலை கட்டி ஆடிவந்த பெண் வேடத்தை ஒரு பெண் ஏற்று, போரை நிறுத்தும்படி கணவனிடம் மன்றாடியபோது, அச்சொற்களுக்குப் பழைய மேடையிலே இல்லாத கனம் உண்டாயிற்று. சபையிலே இருந்தவர்களுள் மகனை இழந்த தாயரும், கணவனைத் தேடிக்கொண்டிருந்த மனைவியரும் இருந்தனர். அறுபதுகளிலே ஒரு வீரனுடைய அவலமாக இருந்த நாடகம், யுத்தத்தின் ஊடாக வந்த தலைமுறைக்கு, வீரம் என்னும் பெயரால் ஒரு குலம் அழிவதைப் பற்றிய நாடகமாயிற்று. ஒரே கதை, ஒரே மெட்டு, ஒரே மத்தளச் சொல். காலம் மட்டுமே வேறு. சிறந்த நாடகத்துக்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

ஆனால் இந்த வழியை எல்லோரும் ஒப்புக்கொண்டார்களல்லர். ஒப்பாதவர்களுடைய எதிர்வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. பேராதனை மரபு கூத்தைச் செம்மை செய்வதாகச் சொல்லி, அதன் உயிரான ஊரிலிருந்து அதனைப் பிரித்துவிட்டது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர், மட்டக்களப்பை அடுத்த சீலாமுனையிலே, கூத்தை ஊராரோடு சேர்ந்து ஊர்க் களரியிலேயே மீளுருவாக்கம் செய்யும் முயற்சியை மேற்கொண்டார். இரவிரவாக ஆடும் நீளத்தைக் குறைக்காமலும், அண்ணாவியாரின் இடத்தை நெறியாளர் பறிக்காமலும், பழைய பனுவலிலே சாதியையும் பெண்ணையும் இழிவு செய்யும் பகுதிகளை ஊராரே கூடி விவாதித்து மாற்றுவது என்பது அவ்வழியின் கொள்கை. மாற்றம் வேண்டும் என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை. எங்கே நின்று, யார் மாற்றுவது என்பதிலேயே பேதம்.

இவ்விவாதத்திலே என் கருத்தைச் சொல்வதாயின், இராவணேசன் இல்லாவிடில் கூத்தைப் பற்றி விவாதிப்பதற்கே கற்றோர் முன்வந்திருக்க மாட்டார்கள் என்பேன். வித்தியானந்தன் தேடிக் கொடுத்த மரியாதையின் மீது நின்றுகொண்டே அவர் செய்தது போதாது என்று இன்று பேச முடிகிறது. ஆயினும், படச்சட்ட மேடையிலே ஆடப்படும் ஒன்றரை மணி நேர நாடகம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதனை ஆடுவதற்குரிய கால்களையும் குரல்களையும் விளைவித்துக் கொடுத்தது வட்டக்களரியே. களரி வற்றிப் போனால், இராவணனாக ஆட வருபவன் காணொளியைப் பார்த்து ஆட்டம் பழக வேண்டி வரும்; அப்போது அவன் அடியெடுத்து வைப்பான், ஆனால் அண்ணாவியாரின் கண் அவன் பாதத்தின் மேல் இராது. ஆகவே சீலாமுனையின் வழி வேருக்கு நீர் வார்ப்பது. இராவணேசனின் வழி அதன் பழத்தை உலகுக்குக் கொடுப்பது. முதலாவது பணிக்கே இன்று ஆளும் பணமும் குறைவாயிருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

செட்டிபாளையத்திலும், மாங்காட்டிலும், களுதாவளையிலும், வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறையிலும், கொக்கட்டிச்சோலையிலும் வாழும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ, தந்தையோ பாட்டனாரோ எழுதி வைத்த கூத்துக் கொப்பி இருக்குமாயின், அதனைப் பழந்தாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தாள் பொடியாகுமுன் படம் பிடித்து, ஒரு பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கும், ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். அந்தத் தருக்களின் மெட்டைப் பாடத் தெரிந்த முதியவர் எவரேனும் உங்கள் ஊரில் உளராயின், அவர் குரலை இவ்வாண்டே பதிவு செய்யுங்கள். அடுத்த வேளாண்மை வெட்டு முடிந்து எங்காவது சட்டம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், உங்கள் பிள்ளைகளையும் அங்கே அனுப்புங்கள். அரங்கேற்ற இரவிலே நீங்களும் சென்று மங்களம் பாடும் வரை இருந்து வாருங்கள்.